கயிற்றை அவிழ்த்த கைக்கு என்ன தருவோம்?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்துத் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை முதல்வரிடம் அளித்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு, விரலில் போடும் மோதிரம், நெற்றியில் இடும் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் அதிகம் பேசப்பட்ட ஒன்று. இதே கயிறுகளைப் பற்றி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு எழுந்ததும் அது அமுங்கிப்போனது. தென்காசி, திருநெல்வேலி மாவட்ட ஆசிரியர்கள் பலருக்கு எந்த நிறம் எந்தச் சாதி என்பது மனப்பாடம். ஆகவே தடை சரியானது. கயிறு கழல வேண்டியதுதான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், கழற்றச் சொல்வதோடு பள்ளியின் வேலை முடிந்துவிட்டதா? பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கையில் கயிறு கட்டிக்கொள்வது சாதிப் பெருமைக்காக மட்டும் அல்ல. தான் யாரென்று நாலு பேருக்குக் காட்டிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசையும் அதில் இருக்கிறது. அந்த வயதில் அது இயல்பான ஆசை. அதைத் தணித்துக்கொள்ள அவனுக்குக் கண்ணெதிரே கிடைப்பது சாதி கொடுக்கும் நிறம் ஒன்றுதான் என்றால், பிழை அவனோடு நின்றுவிடவில்லை. உடை மீது, ஓவியம் மீது, தன் கைப்பட ஒன்றைச் செய்து பார்ப்பதன் மீது மாணவருக்கு இருக்கும் ஆசையை ஒழுங்கீனம் என்றே நம் பள்ளிகள் பார்த்துப் பழகிவிட்டன. தனி ஆளாகத் தன்னைக் காட்டிக்கொள்ள இடமில்லாத பள்ளியில், கூட்டத்தின் அடையாளம் சுலபமாகக் குடியேறிவிடுகிறது. தென்காசி மாவட்டப் பள்ளிகளில் கலைக்கும் ஆடைக்கலைக்கும் முறையான இடம் வேண்டும் என்று கேட்பது, அதனால், அலங்காரக் கோரிக்கை அல்ல; சமூக நீதியோடு சேர்ந்த கோரிக்கை.

நிறங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்

சாதியின் காட்சி மொழியைத் தென்மாவட்டச் சாலைகளில் யாரும் பார்க்கலாம். ஊர் எல்லை மின்கம்பத்தில் இரண்டு நிறப் பட்டை. திருவிழா பனியனில் அதே இரண்டு நிறம். சைக்கிள் மட்கார்டில் ஒட்டிய ஸ்டிக்கரில், குருபூஜை பேனரில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், கடைசியாகப் பையனின் மணிக்கட்டில் அதே நிறம். கூர்ந்து பார்த்தால் இது தேர்ந்த வடிவமைப்பு வேலை. எந்த இரண்டு நிறம் பக்கத்தில் வந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும், எந்த எழுத்துரு மிரட்டும், எந்தப் படம் ரத்தத்தைச் சூடாக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். இவற்றின் முன்னால் நிற்கும் மாணவருக்கு நிறத்தைப் பற்றி வேறு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. சிவப்பும் மஞ்சளும் அருகருகே வந்தால் ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று ஓவிய வகுப்பில் கேட்டிருக்க வேண்டியவன், அது யாருடைய நிறம் என்று மட்டும் தெரிந்துகொள்கிறான். நிறங்களையே சாதி குத்தகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. தடை உத்தரவால் கயிற்றைப் பறிக்க முடியும். குத்தகையை ரத்து செய்ய முடியாது. நிறத்தை நிறமாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்பால்தான் அது முடியும்.

பள்ளியோ எதிர்த்திசையில் ஓடுகிறது. தலைமுடி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் ஒட்ட வழித்து உச்சியில் மட்டும் முடி விட்டுவரும் மாணவர்களுக்குப் ‘புள்ளிங்கோ கட்டிங்’ என்று பெயர் வைத்து, சலூன்காரரைப் பள்ளிக்கே வரவழைத்து வெட்டிவிட்ட செய்திகளைத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் படித்திருக்கிறோம். இப்படி வெட்டக் கூடாது என்று சலூன் கடைகளுக்குப் பள்ளியிலிருந்து வேண்டுகோள் போனதும் உண்டு. சாதிக் கயிறும் சலூன் கட்டிங்கும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கயிறு, ‘நான் இந்தக் கூட்டத்தான், நீ வேற’ என்கிறது. தலைமுடி, ‘என்னைப் பாரு’ என்கிறது. முன்னது அச்சுறுத்தல், பின்னது அதிகம் போனால் அசட்டுத்தனம். எல்லாச் சாதிப் பையன்களும் ஒரே கிரிக்கெட் வீரரையோ நடிகரையோ பார்த்து ஒரே மாதிரி முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்பதில், சொல்லப்போனால், ஒரு சின்ன நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுக்கும் ஒழுக்கம், மாணவரிடம் தன் மரியாதையை இழந்துவிடுகிறது. பிறகு அது கயிற்றைக் கழற்றச் சொன்னாலும், ‘இவங்களுக்கு எதுதான் பிடிக்கும்?’ என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

உடுத்தும் உரிமையின் வரலாறு

உடையும் முடியும் அற்ப விஷயங்கள், படிப்பைப் பார்க்கட்டும் என்பவர்கள், இந்த நிலத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. அந்தத் திருவிதாங்கூரின் தென்கோடியில்தான், மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாகப் போராடினார்கள். 1859 ஜூலையில் மன்னர் விட்டுக்கொடுத்து வெளியிட்ட அறிவிப்பிலும் ஒரு கொக்கி இருந்தது. குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக் கூடாது. உடலை மறைக்கும் உரிமையைத் தந்தவர்கள், உடுத்தும் பாணியைத் தர மறுத்தார்கள். துணியின் தரத்தையும் மடிப்பின் விதத்தையும் அரசாணையில் எழுதிவைக்கும் அளவுக்கு உடை அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் கதை வேறல்ல. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது விதித்த தடைகளை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தன் நூலில் பதிவுசெய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டையோ பனியனோ அணியக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் பூச்சூடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல், இன்றைய மொழியில் சொன்னால், ஃபேஷன். அம்பேத்கர் கோட்டு சூட்டோடு நின்ற கோலம் ஏன் இன்றும் சேரிதோறும் சிலையாக நிற்கிறது என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. நன்றாக உடுத்துவது இந்த மண்ணில் அடிபட்டு வாங்கிய உரிமை. அதன் பலனை இன்று அனுபவிக்கும் பேரனும் பேத்தியும் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால், அதைக் கேலி செய்யும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது?

குற்றாலத்தின் கண்

இந்த ஊர்களுக்குக் கலைக்கண் புதிதும் அல்ல, வெளியிலிருந்து வந்ததும் அல்ல. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் மணி என்றிருக்க, குற்றாலம் மட்டும் ஆடல்வல்லானைச் சுவரில் எழுதி வைத்துக் கும்பிட்டது. உலோகத்துக்கு இணையாக வண்ணத்தை வைத்த ஊர் அது. தென்காசி விசுவநாதர் கோயிலில், 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் தொடங்கிய திருப்பணியின் மண்டபத்து ஒற்றைக்கல் தூண்களில் ரதியும் மன்மதனும் வீரபத்திரரும் அணிந்திருக்கும் நகைகளை வரைந்து பார்க்க உட்கார்ந்தால் ஒரு விடுமுறை போதாது. பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியிலோ, நகையைப் பற்றியே ஒரு சுவையான உரையாடல் வருகிறது. ஊரெல்லாம் குறி சொல்லிவிட்டுப் புது நகைகளோடு திரும்பும் சிங்கியைப் பார்த்து, இது என்ன, அது என்ன என்று சிங்கன் சந்தேகத்தோடு கேட்கிறான். ஒவ்வொன்றும் எந்த ஊரில் தன் திறமைக்குக் கிடைத்தது என்று அவள் நிமிர்ந்து பதில் சொல்கிறாள். மகள் புதிதாக ஒன்று உடுத்தினால் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. சிங்கியைப்போல் ‘என் கை சம்பாதித்தது’ என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்களைப் பார்க்க வேண்டுமானால் வடகரை, அச்சன்புதூர், பண்பொழி போன்ற ஊர்களின் வீட்டு முன்னறைகளுக்குப் போக வேண்டும். ஆரி ஒர்க் என்ற பெயரில் இன்று தமிழகத்தின் சிற்றூர்களில் பரவியிருக்கும் பிளவுஸ் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மரச்சட்டத்தில் துணியை முரசுபோல் இழுத்துக் கட்டுகிறார்கள். டிரேசிங் பேப்பரில் வரைந்த மயிலின் கோடு நெடுக ஊசியால் நெருக்கமாகத் துளை குத்தி, அதைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்க்கிறார்கள். தாளை எடுத்தால் மயில் புள்ளிகளாகத் துணியில் இறங்கியிருக்கும். பிறகு கொக்கி முனை ஊசி மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கிபோட்டு இழுத்து, சங்கிலித் தையலாகக் கோட்டை நிரப்புகிறது. இடையிடையே ஜர்தோசி, சம்கி, குந்தன் கல். முதுகுக் கழுத்தில் இருக்கும் மயிலைக் கைக்குச் சின்னதாக்க வேண்டும். இடது கையில் இருப்பது வலது கையில் திரும்பிப் பார்க்க வேண்டும். உடுத்துபவரின் அளவு மாறினால் இடைவெளி மாற வேண்டும். விகிதம், சமச்சீர், எதிரொளிப்பு என்று கணக்குப் பாடத்தில் வருபவைதான் எல்லாம். கணக்கில் தேறாத பெண் இதில் தேறிவிடுவது உண்டு. ரம்ஜானுக்கு முந்தைய இரவில் மருதாணிக் கோனைக் கையில் பிடித்துக்கொண்டு, தாளில் வரைந்து பாராமல் நேரே உள்ளங்கையில் கொடியை ஓடவிடும் சிறுமிக்கும் இதே கண்தான். பள்ளி இவற்றுக்கு மதிப்பெண் எதுவும் தருவதில்லை.

முன்பு பள்ளி தராததைக் கடைத்தெரு தந்தது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சி.கொண்டையராஜு (1898–1976), சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அவரும் அவரிடம் கற்றவர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து காலண்டர்களாக நாடெங்கும் போயின. முருகனுக்கு எந்தப் பட்டு, லட்சுமிக்கு எந்த நகை என்று தென்னாட்டுப் பூஜை அறைகளின் ஆடை அலங்காரத்தைத் தீர்மானித்தவர்களில் அந்தக் குழுவினர் முதன்மையானவர்கள். ஓவியக்கூடம், போட்டோ ஸ்டுடியோ, சினிமா பேனர் எழுதும் கொட்டகை, போர்டு எழுதும் கடை, டெய்லர் கடை, தறிக்கூடம் என்று கைவாகு உள்ள பையன் போய் ஒட்டிக்கொள்ள ஒவ்வொரு ஊரிலும் இடங்கள் இருந்தன. பேனர் கொட்டகையை ஃபிளெக்ஸ் தின்றது. டெய்லர் கடையை ரெடிமேட் தின்றது. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் கைத்தறிச் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆசை மட்டும் குறையவில்லை. அதைத் திறமையாக மாற்றித்தந்த குருமார்கள்தான் இல்லாமல் போனார்கள். அந்தப் பொறுப்பை ஏற்க இன்று பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

பள்ளியில் இருப்பதும் இல்லாததும்

பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று பல பாடங்களுக்கு, வாரம் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். ஊதியம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்ததே தவிர, நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் போராடுவது ஆண்டுதோறும் வரும் செய்தியாகிவிட்டது. வாரத்தில் மூன்று அரை நாள் வரும் டிராயிங் மாஸ்டரின் பீரியடையும் அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஓவியத்துக்கும் தையலுக்கும் லோயர், ஹையர் கிரேடு தொழில்நுட்பத் தேர்வுகளை நடத்துகிறது. மாணவர்கள் எழுதுகிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு போய் நிற்க நிரந்தரப் பணியிடங்கள்தான் சொற்பம். மேல்நிலைத் தொழிற்பிரிவில் ஆடை வடிவமைப்புக்கு அரசே பாடநூல் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பிரிவு இருக்கும் பள்ளியைத் தேடித்தான் போக வேண்டும்.

2022இல் தொடங்கிய கலைத் திருவிழா பாராட்டத்தக்க முயற்சி. அரசுப் பள்ளி மாணவர்கள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேடையேறி, கலையரசன், கலையரசி பட்டம் வாங்குகிறார்கள். ஆனால் திருவிழா அறுவடை நாள். விதைக்கும் நாள் வேறு. ஆண்டு முழுவதும் பயிற்சி இல்லாமல் போட்டி மட்டும் வைத்தால், வீட்டிலேயே பாட்டு வாத்தியாரும் ஓவிய வகுப்பும் வாய்த்த பிள்ளை ஜெயிக்கும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். ‘எனக்கு வராது’ என்று பத்து வயதிலேயே முடிவுக்கு வந்துவிடும் குழந்தைகளை உருவாக்குவதற்கு, பயிற்சியில்லாத போட்டியைவிடச் சுலபமான வழி இல்லை.

எதிர்க்கேள்விகள்

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. தமிழகப் பள்ளிகளில் சீருடை வந்ததே ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒன்றாகத் தெரியத்தானே? காமராஜர் காலத்தில் வேர்விட்டு, இன்று சத்துணவு உண்ணும் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணை இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சமத்துவத்தை, ஃபேஷன் என்ற பெயரில் குலைக்கலாமா? கூடாது. சீருடை இருக்கட்டும், இந்தக் கட்டுரை அதைக் கழற்றச் சொல்லவில்லை. சீருடையைக் கழற்றினால் ஷூவின் பிராண்டும் சட்டையின் விலையும் வகுப்பறையைக் கூறுபோடும் என்பது உண்மை. ஆனால் சமத்துவம் என்பது எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதோடு முடிவதல்ல; எல்லோருக்கும் தனித்துத் தெரியச் சமமான வாய்ப்பு கிடைப்பதும் அதில் அடக்கம். இன்று அந்த வாய்ப்பு காசுள்ள வீட்டில் மட்டும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் அது ஒரு பாடவேளையாகக் கிடைத்தால், சீருடையின் நோக்கம் நிறைவேறும். அந்தச் சீருடையே நல்ல பாடம்தான். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தரும் பேன்ட்டைக் கால் பக்கம் குறுக்கி ஆல்டர் செய்து போட்டுவரும் பையன், ஏன் குறுக்கினால் அழகு, எங்கே தையல் பிரித்தால் துணி வீணாகாது என்று யோசித்துத்தான் செய்கிறான். தண்டிப்பதற்கு முன்னால் அவனிடம் ஊசியைக் கொடுத்துத் தைத்துக்காட்டச் சொல்லலாம்.

படம் வரைந்தால் சாதி போய்விடுமா என்பது இரண்டாவது கேள்வி. போகாது. நிலம், பதவி, திருமணம், தேர்தல் என்று சாதிக்கு ஆயிரம் வேர்கள் உண்டு. தூரிகையால் அவற்றை அறுக்க முடியாது. ஆனால் கலைக்கல்வி பள்ளிச் சூழலை மாற்றும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கலைப் பயிற்சியைக் கூட்டிப் பார்த்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இடம்பெற்ற அந்த ஆய்வின் முடிவுகளை டேனியல் போவன், பிரையன் கிசிடா இருவரும் 2019இல் வெளியிட்டார்கள். கலை கிடைத்த பள்ளிகளில், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் திறன் கூடியது. அடுத்தவர் துன்பத்தைத் தன்னுடையதாக உணரும் இயல்பும் கூடியது. கணக்கிலும் வாசிப்பிலும் மதிப்பெண் குறிப்பிடும்படி கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கலை கணக்கை வளர்க்கும் என்று ஆசைகாட்டி அதற்கு இடம் கேட்கத் தேவையில்லை. சக மாணவன் வீட்டுக்கு அரிவாளோடு போகும் அளவுக்கு வெறுப்பு வளரும் ஒரு நிலத்தில், அடுத்தவர் வலியை உணரும் மனம் கொஞ்சம் கூடினாலே அந்தப் பாடவேளைக்கு விலை கிடைத்துவிட்டது. ஹூஸ்டனின் முடிவு தென்காசியில் அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாதுதான். தடையை மட்டும் நம்பி இத்தனை ஆண்டு ஓட்டிய பிறகு, இதைச் செய்துபார்க்கத் தயங்குவதற்கும் காரணம் இல்லை.

சோறு போடுமா என்பது பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்வி. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய். அங்கே தைக்கப்படுவதில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் வடிவமைப்பு. தையல் கூலி நமக்கு, வடிவமைப்பின் லாபம் அவர்களுக்கு. சங்கரன்கோவில் விசைத்தறிச் சேலையின் கரையைப் புதிதாக யோசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலிருந்தே வந்தால், அது தறிக்காரருக்கும் சேர்த்துச் சோறு. வடிவமைப்பு துணியோடு நிற்கும் தொழிலும் அல்ல. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்த ஸோஹோ நிறுவனம், பட்டமில்லாமலே பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் தன் பள்ளிகளில் வடிவமைப்புக்கென்றே ஒரு பள்ளியை வைத்திருக்கிறது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த நிறம் கண்ணை உறுத்தாது என்று தீர்மானிப்பதும் ஆரி ஒர்க் பெண்ணிடம் இருக்கும் அதே கண்தான். அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கிடைக்கும் வேலை உண்டு என்ற செய்திதான் ஊருக்குள் இன்னும் சரியாக இறங்கவில்லை.

தடை இருப்பது வாசலில். 1986இல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், சென்னைத் தரமணியில் 1995 முதல் இயங்குகிறது. அதன் நுழைவுத் தேர்வில் பொதுத் திறன் தாளோடு, வரைந்துகாட்டும் தாள் ஒன்றும் உண்டு. அதில் தேறியவர்கள் கொடுத்த பொருள்களைக் கொண்டு அங்கேயே ஒரு மாதிரியைச் செய்துகாட்ட வேண்டும். பிஞ்சு வயதிலிருந்து ஓலையில் காற்றாடியும் களிமண்ணில் பிள்ளையாரும் செய்துவரும் கிராமத்துப் பிள்ளைக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். கட்டணமோ ஒரு பருவத்துக்கே லட்சத்தைத் தாண்டுகிறது. நீட் தேர்வின் மொழிக்கும் கட்டணத்துக்கும் நாம் எழுப்பும் குரலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழுவதில்லை. 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்தின் அரசு கவின்கலைக் கல்லூரியும் அரசுக் கட்டணத்தில் கற்றுத்தருகின்றன. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், கலை படிக்கப்போகும் அரசுப் பள்ளி மாணவருக்கும் உண்டு. இவற்றைச் சொல்லி அனுப்ப ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளியிலிருந்துதான் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

இதெல்லாம் படைப்பா, இன்ஸ்டாகிராமையும் சினிமாவையும் பார்த்துக் காப்பியடிப்பதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. ஆம், தொடக்கம் காப்பிதான். எல்லாக் கலையும் பார்த்துச் செய்வதில் தொடங்கித்தான் தனக்கான வழியைக் கண்டுபிடிக்கிறது. காப்பியிலேயே நின்றுபோவது ஆசிரியர் இல்லாததால். துணி மீது ஆசை உள்ள மாணவருக்குத் துணியின் முழுக்கதையையும் சொல்லும் இடமாகப் பள்ளி இருக்கலாம். மலிவான சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த, டாக்காவுக்கு அருகே இருந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் செத்ததை அங்கே சொல்லலாம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதைச் சொல்லலாம். சிற்றாறும் அனுமன் நதியும் ஓடும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு செத்தால் என்னவாகும் என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. நுகர்வு வெறிக்கு மருந்து, துணியை விளம்பரத்தில் மட்டும் பார்த்தவருக்கு அதைத் தறியிலும் ஊசியிலும் காட்டுவதுதான். ஒரு சட்டைக் காலரைத் தானே தைத்துப் பார்த்தவர், அடுத்த சட்டையை அவ்வளவு சீக்கிரம் தூக்கி எறியமாட்டார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஆட்சேபம் வேறு குரலில் வரும்: அலங்கார ஆசை வழிதவற வைக்கும், ஊர் பேசும். ஹிஜாப் அணியும் மாணவி அதன் நிறத்தையும் மடிப்பையும் தேர்ந்தெடுப்பதிலும், தாவணி கட்டும் மாணவி கரைக்கு ஏற்ற வளையலைத் தேடுவதிலும் மரபு உடைந்துவிடவில்லை. எல்லா மரபும் தனக்குள் தேர்வுக்கு ஓர் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. பெண்ணின் உடையைக் குறித்த ஊரின் அச்சமும், கயிற்றின் நிறத்தைக் குறித்த ஊரின் பெருமையும் ஒரே வேரிலிருந்து வருபவை. இரண்டும் பிள்ளையின் உடம்பைக் குலத்தின் விளம்பரப் பலகையாகப் பார்க்கின்றன. இதை என் விருப்பப்படி வரைவேன், தைப்பேன், உடுத்துவேன் என்று ஒரு மாணவி சொல்லும்போது அந்தப் பார்வையில்தான் கீறல் விழுகிறது.

செய்ய வேண்டியவை

பெரிய செலவு பிடிக்கும் வேலையாக இதை நினைக்க வேண்டியதில்லை. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமான ஊர். புதிய மாவட்டத்துக்கு முன்மாதிரி ஆகும் வாய்ப்பு உண்டு. அருகருகே இருக்கும் நான்கைந்து பள்ளிகளுக்கு முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவரும் தையல் ஆசிரியர் ஒருவரும் வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரமாக்குவதை அங்கிருந்தே தொடங்கலாம். ஓவிய பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஆணை வேண்டும். மாணவர்களைச் சித்திர சபைக்கும் விசுவநாதர் கோயில் மண்டபத்துக்கும் சுற்றுலாவாக அழைத்துப்போகாமல், தாளும் பென்சிலுமாக உட்கார வைக்க வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் பள்ளியும் சேர்ந்தால், மாணவர் வரைந்த கரை ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை தறியில் ஏற்றலாம். நிஃப்ட் தேர்வைத் தமிழில் நடத்த மாநில அரசு வலியுறுத்த வேண்டும். முக்கியமாக, ஒரே பள்ளியின் வெவ்வேறு தெருப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து ஒரு சுவரை வரையட்டும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வரவேண்டும் என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் நிறத்துக்காக நடக்க வேண்டிய சண்டை அது ஒன்றுதான்.

நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை, பள்ளிக்குள் எவையெல்லாம் வரக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலை அமல்படுத்துவது நிர்வாகத்தின் வேலை. உறுதி இருந்தால் ஒரே கல்வியாண்டில் முடித்துவிடலாம். எவை வர வேண்டும் என்ற பட்டியலை எழுதுவது கல்வியின் வேலை. அதை எழுதாமல் விட்டால், அடுத்த கல்வியாண்டில் கயிறு வேறு வடிவத்தில் வரும். அதைத் தடுக்க இன்னொரு சுற்றறிக்கை தேவைப்படும்.